டிக்கியில் ஒரு புண்ணாக்கு மூட்டை

என் மகளைப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் மாமியார் சொன்னதற்கு நகை காரணமில்லை, ஜாதகம் காரணமில்லை, சண்டை சச்சரவும் காரணமில்லை. என் காரின் பின்பக்க ஸ்பிரிங்தான் காரணம்.

சம்பந்தியம்மா ஒரு கல்யாணத்துக்காகக் காங்கேயத்திலிருந்து திருப்பூர் வந்திருந்தார். மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று மரியாதைக்குச் சொன்னேன். அவரும் மரியாதைக்கு ஏறிக்கொண்டார். குழாய் பதிக்கத் தோண்டி, மூடினேன் என்று பேருக்கு மூடி வைத்திருந்த வீதி அது. இரண்டாவது குழியில் அவர் தலை கூரையில் இடித்தது. மூன்றாவது குழியில் கொண்டையிலிருந்த பூ என் மடியில் வந்து விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் போன் வந்தது.

"ஏனுங் சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. வாயும் வயிறுமா இருக்கற புள்ளைய அந்த வண்டில ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வல்லீங்க. பிரசவம் இங்கயே ஆயிட்டுப் போகட்டுங்க."

எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்று ஒன்று உண்டு. பெண்ணுக்கு மாதம் நெருங்கும்போது அம்மா வீட்டுக்காரர்கள் வகைவகையாகச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவோம். அதற்கு நாள் குறித்து, பந்துக்களுக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. வாடகைக்கு நல்ல காராகப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வாரது வாடகை வண்டில வந்துருவா. வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்கு எதுல போவா? அந்த வண்டிதானுங்களே உங்க வாசல்ல நிக்கும்?"

கோபத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, அத்தைகிட்ட சண்டை போடாத. வண்டியச் செரி பண்ணிட்டு வந்து என்னயக் கூட்டிட்டுப் போ. எனக்கு நம்மூட்டுக்கு வரணும்" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சின்ன செக்கிங் யூனிட் நடத்துகிறேன். கம்பெனிகளில் தைத்த பனியன்கள் எங்களிடம் வரும்; பிசிறு வெட்டி, ஓட்டை, கறை பார்த்து, திருப்பி அனுப்புவோம். வந்ததும் போனதும் எல்லாம் இந்தக் காரில்தான். பின்சீட்டை மடக்கி, கூரை முட்ட பண்டல் ஏற்றி ஏற்றி, வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்த நாய் போல ஆகிவிட்டிருந்தது. முன்விளக்கு ரோட்டைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தது. வீதி முனையில் நான் திரும்பும்போதே வரும் லொடலொட சத்தத்தைக் கேட்டு, யூனிட்டில் பெண்கள் போனை உள்ளே வைத்துவிட்டு அடக்க ஒடுக்கமாகக் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வார்கள்.

மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மங்கலம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் ஷெட். எந்த வண்டியைப் பார்த்தாலும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிதான் பேசுவார். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"யக்கா, இதுல சஸ்பென்சன்னு ஒண்ணு இருந்திருக்கு. இப்ப இல்ல."

முன்னால் ஷாக் அப்சார்பர், பின்னால் ஸ்பிரிங், நடுவில் ரப்பர் புஷ், எல்லாமே மாற்ற வேண்டும் என்றார். புதுசாக முழு செட்டும் போட என்ன ஆகும் என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் வீட்டுக்காரர் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். கம்பெனிக்காரர்கள் செக்கிங் கூலியை இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம். கட்டுச்சோறுக்கு என்று எடுத்து வைத்திருந்ததில் கை வைக்கவும் முடியாது.

என் வீட்டுக்காரர் வேலை செய்த காலம் முழுக்கக் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். முதுகு ஒத்துழைக்காததால் இப்போது வீட்டில் இருந்துகொண்டு எனக்கு யோசனை சொல்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்கு அடியில் பிறப்பதில்லை. நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் வேறு வேறு வாசல். ஒவ்வொருவருக்கும் தன் வேலை மட்டும்தான் தெரியும். உலகத்தில் எல்லாக் காரியத்தையும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய மதம்.

"பிரிச்சு ஜாப் ஒர்க்குக்குக் குடுத்துரலாமுங்க" என்றார் மெக்கானிக்கிடம். "முன்னால ஷாக்கு மட்டும் நீங்க புதுசு போட்டுருங்க. ஸ்பிரிங்கு பல்லடத்துல பழசு புடிச்சுக்கலாம். புஷ்ஷு மங்கலத்துல லேத்துல சொல்லிக்கலாம். நீங்க மாட்டிக் குடுத்தாப் போதும்."

"அண்ணாச்சி, காரு பனியன் இல்ல. பனியன் தப்பாப் போச்சுன்னா செகண்ட்ஸ்ல வித்துரலாம். கார வித்துருவீயளா?"

"வித்தாப் போகும்னா எப்பவோ வித்திருப்பமுங்களே" என்றார் இவர்.

பல்லடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர், "எவ்வளவு வெயிட்டுங்க ஏத்துவீங்க?" என்று கேட்டார். ஜாப் ஒர்க் கொடுக்கும் இடத்தில் அளவை மறைக்கக் கூடாது என்பது இவர் கொள்கை. எத்தனை பண்டல் ஏறும், மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்தால் எவ்வளவு கூடும் என்பது வரை ஒப்பித்தார். கடைக்காரர் உள்ளே போய் இரண்டு ஸ்பிரிங்கை உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் காரைப் போலவே ஒரு காரை வைத்துக் கோழித் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்த பண்ணைக்காரர் ஒருவர் தனியாகச் சொல்லித் தடிமனாகச் செய்து போட்டதாம். கார் போய்விட்டது, ஸ்பிரிங் நிற்கிறது. அதில் இன்னும் வெள்ளை இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இறகு இருக்குதுங்களே" என்றேன்.

"பண்ணை வண்டிதாங்கறதுக்கு அத்தாட்சி வேணுமல்லொ" என்றார் இவர்.

பிறகு, பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை இழுத்துப் பார்க்கிற மாதிரி, இரண்டு கையாலும் ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார். முகம் சிவந்தது. ஸ்பிரிங் அசையவில்லை. "ஸ்டிராங்கு" என்று திருப்தியாகச் சொன்னார். இழுத்தால் வராத ரிப்பை அவர் வாழ்நாளில் ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. எனக்கும் அது அப்போது தோன்றவில்லை.

மங்கலத்தில் லேத்துக்காரர் விசைத்தறிக்குச் சாமான் செய்கிறவர். "தறி ஆடற ஆட்டத்தையே தாங்குதுங்க. உங்க காரு என்ன பெருசா ஆடிப்போடும்?" என்று சொல்லிப் புஷ் செய்து கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரு பழைய அரிசிச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தோம். மெக்கானிக் சாக்கைப் பிரித்து, இறகை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு வேலையை ஆரம்பித்தார்.

மாட்டி முடித்த வண்டியில் பண்டலை ஏற்றிக்கொண்டு ஓட்டினால், அம்மாடி! குழி என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. நொய்யல் பாலத்தைத் தாண்டி அந்தக் குழாய் வீதிக்கு வேண்டுமென்றே போனேன். வண்டி தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது. விளக்கு ரோட்டைப் பார்த்தது. சத்தமே இல்லாமல் யூனிட் வாசலில் போய் நின்றதில், ஒரு பெண் போனில் ரீல்ஸ் பார்த்து ஆடிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன். என்னை அங்கே யாரும் அதற்காக மன்னிக்கவில்லை.

கட்டுச்சோறு நாள் வந்தது. வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, பண்டலையெல்லாம் இறக்கிவிட்டு, சோற்று அண்டாக்களை ஏற்றினோம். உறவுக்காரர்கள் வேனில் வந்தார்கள். சோறு மட்டும் என் காரில்தான் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தக்காளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். பின்சீட்டிலும் டிக்கியிலும் அண்டா அண்டாவாக அடைத்துக்கொண்டு காங்கேயம் போய்ச் சேர்ந்தபோது தயிர்ச்சோற்றின் மேல் தூவியிருந்த மாதுளை முத்துக்கூட இடம் மாறவில்லை. "இன்னைக்குச் சம்பந்தி வாயத் தெறக்க முடியாது" என்றார் இவர்.

சம்பந்தி வீடு அவர்களுடைய எண்ணெய் மில்லை ஒட்டியே இருக்கிறது. அந்த வாசலில் கால் வைத்தாலே சட்டை, தலைமுடி எல்லாம் தேங்காயெண்ணெய் மணக்கும். மகள் பட்டுப்புடவையில், மூச்சு வாங்க, வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். அண்டாவைக் கவிழ்த்து, கழுவி, திண்டு மாதிரி வரிசையாக வெயிலில் வைத்தார்கள். அவற்றை வேனில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. மகளை என் காரில் ஏற்றப் போகும் நேரத்தில் சம்பந்தியம்மா உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். சொம்பு நிறைய, ததும்பத் ததும்ப, தேங்காயெண்ணெய். மூடி கிடையாது.

"கோவிச்சுக்காதீங் சம்பந்தி. இத அம்முணி உக்கார்ர எடத்துல வெக்கறனுங்க. மெயின் ரோடு வரைக்கும் போயிட்டு வாங்க. சிந்தாம வந்துச்சுன்னா, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கூட சரக்கை இப்படிச் சோதித்து நான் கண்டதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டிருந்த மொத்தக் கூட்டமும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கோ ஒரு துளி பயமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ராணி மாதிரி வண்டியை எடுத்தேன்.

மில் கேட்டைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. வண்டி அதில் ஏறவில்லை, துள்ளியது. ஆட்டுக்குட்டி மாதிரிப் பின்கால் இரண்டையும் தூக்கித் துள்ளியது. கண்ணாடியில் பார்த்தேன். சொம்பு சீட்டை விட்டு மேலே எழும்பி, ஒரு கணம் காற்றில் நின்றது. எண்ணெய் முழுதும் என் பிடரியில் வந்து இறங்கியது.

கழுத்து வழியாக எண்ணெய் ஒழுக ஒழுகத் திரும்பி வந்து இறங்கினேன். "தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே" என்று வேனில் வந்த ஒரு பெரியவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. ஒரு கையில் துணிப் பையைப் பிடித்தபடி நின்றவள் என் தலையைப் பார்க்கவில்லை. காலிச் சொம்பைத்தான் பார்த்தாள். பிறகு பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி இவர் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது.

இவர் முதலில் வேகத்தடையைக் குறை சொன்னார். பிறகு சொம்பைக் குறை சொன்னார். அடிப்பக்கம் உருண்டையாக இருக்கிறதாம். பிறகு வெயிலில் கவிழ்ந்து கிடந்த அண்டாக்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சோறு" என்றார்.

"சாப்பிட்டாச்சுங்க. இன்னும் என்ன சோறு?"

"அதாஞ் சொல்றேன். சோறு எறங்கிருச்சு. வரும்போது வண்டில சோறு இருந்துச்சு. அதுக்கு முன்னால பண்டல் இருந்துச்சு. இந்த வண்டியக் காலியா நாம ஓட்டுனதே இல்ல புள்ள."

உண்மைதான். மாட்டிப் பார்த்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் பண்டலை இறக்கிவிட்டு ஓட்டவில்லை. திருப்பூரில் வண்டியை யார் காலியாக ஓட்டுகிறார்கள்? கோழித் தீவனம் சுமந்த ஸ்பிரிங்குக்கு என் மகளும் வயிற்றில் இருந்த குழந்தையும் ஒரு சுமையாகவே தெரியாது; அமுங்காமல் துள்ளத்தான் செய்யும்.

உடனே வாசலில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. சோற்றைச் சாப்பிட்டவர்களையே வண்டியில் ஏற்றினால் எடை சரியாகப் போகும் என்றார் தீபாவளிப் பெரியவர். யார் அதிகம் சாப்பிட்டது என்று ஒரு பேச்சு வந்தது. அதில் இரண்டு பேர் முகம் கறுத்துப் போனார்கள். அதுவரை தூணோடு தூணாக நின்றிருந்த என் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். கல்யாணமான நாள் முதலாக அவர் என் எதிரில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"மில்லுல புண்ணாக்கு மூட்டை இருக்குதுங்க அத்தே."

மூட்டை மூட்டையாக வந்து டிக்கியில் இறங்கியது. இவர் பின்னால் குனிந்து நின்று, கட்டிங் டேபிளில் துணி அடுக்கும்போது சொல்கிற மாதிரியே, "இன்னொண்ணு... இன்னொண்ணு... போதும்" என்றார். சொம்பில் மறுபடி எண்ணெய் நிரம்பியது. இந்த முறை நான் முருகனை வேண்டிக்கொண்டு எடுத்தேன். வேகத்தடையில் வண்டி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. மெயின் ரோடு வரை போய்த் திரும்பினேன். சொம்பின் விளிம்பில் நின்ற எண்ணெய் அப்படியே நின்றது. கூட்டம் கை தட்டியது. இவர் சொம்பைக் கோப்பை வாங்கியவர் மாதிரித் தூக்கிக் காட்டி, தன் வேட்டியில் கொஞ்சம் சிந்திக்கொண்டார்.

சம்பந்தியம்மா சொம்பில் விரலை நனைத்து, என் மகளின் உச்சியில் வைத்துத் தேய்த்தார். "கூட்டிட்டுப் போங்க" என்றார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

தலையில் வழிகிற எண்ணெயைத் துடைக்கத் துண்டு கேட்கலாம் என்று பின்னாலேயே போனேன். ஜெயித்த கையோடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்ற எண்ணமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். அவர் எண்ணெய் டின் அடுக்கிய அறையில், ஒரு டின்மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

"ஊட்ல எல்லாம் ஆம்பளைங்க. மில்லு ஓடற வரைக்கும் சத்தத்துல ஒண்ணும் தெரியாதுங்க. மிசின் நின்னா, உங்க புள்ளை பேச்சு மட்டுந்தானுங்க எனக்கு. அவ போயிட்டா நா ஆருகூடப் பேசறதுங்க?"

"அப்பறம் வண்டி, ஸ்பிரிங்குன்னதெல்லாம்?"

மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தார். "வண்டியும் மோசந்தானுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாள் இந்த அம்மாளை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். என் மகளை இங்கே ஒருவர் இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறார் என்பது எந்தப் போன் பேச்சிலும் எனக்குத் தெரியவில்லை.

"நீங்களும் கெளம்புங்க" என்றேன்.

"கட்டுச்சோறுல மாமியாரையும் சேத்துக் கூட்டிட்டுப் போறது எந்த ஊர்ப் பழக்கமுங்க?"

"எண்ணெச் சொம்ப வெச்சு காரு ஓட்டிப் பாக்கறது எந்த ஊர்ப் பழக்கமுங்க?"

அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். பீரோவைத் திறந்து சேலை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, சம்பந்தியம்மாவும் வருகிறார், மூட்டையைக் குறைக்க வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். இவர் சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு மூட்டைய எறக்கிருங்க" என்று மில் ஆளுக்குக் குரல் கொடுத்தார்.

"என்னய ரெண்டு மூட்டைக்கு நேரா வெக்கறீங்களா?" என்றார் அவர்.

"செரிங்க, ஒண்ணரைன்னு வெச்சுக்கலாம். அரை மூட்டைய எப்படிங்க எறக்கறது?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திருப்பூர் வந்து சேரும் வரை பின்சீட்டில் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் முன்னால், தலை முழுக்க எண்ணெயோடு, ஒவ்வொரு வேகத்தடையையும் அலட்சியமாகத் தாண்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காரையும் ஓட்டியதில்லை.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும் இதே காரில், இதே புண்ணாக்கோடுதான். ஸ்கேன் எடுக்கும் இடத்து வாட்ச்மேன், மாட்டு டாக்டர் எதிர்ப்பக்கம் என்று எங்களுக்கு வழி காட்டினார். மெக்கானிக் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "யக்கா, அந்த ஸ்பிரிங்க மாத்திருவோம், சல்லிசா ஒண்ணு வந்திருக்கு" என்றார். பார்க்கலாம் என்றேன்.

சம்பந்தியம்மா பேத்தியின் பெயர்சூட்டு வரை எங்களோடே இருந்தார். என் யூனிட்டுக்கு வந்து உட்கார்ந்து பிசிறுகூட வெட்டினார். மில்லிலிருந்து அழைப்புமேல் அழைப்பு வர ஆரம்பித்ததும், குழந்தையை மறுபடி மறுபடி முகர்ந்துவிட்டுக் கிளம்பினார். மூட்டைகளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு வரலாம் என்று நானே கொண்டுபோய் விட்டேன். காங்கேயத்தில் ஆள் வந்து டிக்கியைக் காலி செய்தான். போய்வருகிறேன் என்று நான் வண்டியில் ஏறும்போது, பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்தது. சம்பந்தியம்மாதான், ஆளைக் கூப்பிட்டு, ஒரு மூட்டையைப் பழையபடி ஏற்றச் சொல்லியிருந்தார்.

"வேண்டாமுங்க. எங்கூட்ல மாடு இல்லீங்களே" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றார். டிக்கியை அவரே சாத்தினார். "போகும்போது நா இல்லீங்கல்ல. வண்டி குதிக்கும்."

அந்த மூட்டை இன்னமும் டிக்கியில்தான் இருக்கிறது.